அத்தைக்கு, ஐந்தோவனிலிருந்து

ஐந்தோவன், நெதர்லாந்து
ஜூன், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீங்களும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் பேத்திக்குக் கீழ்வரிசையில் இரண்டு பற்கள் எட்டிப்பார்த்துவிட்டன. கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குள் போகிறது. நீங்கள் வாங்கிவந்த மரச்சொப்புகளில் அவள் பல் படாத இடமே இல்லை.

தினமும்தான் வீடியோவில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் அவள் முகத்தைக் காட்டுவதிலேயே நேரம் போய்விடுகிறது. சொல்ல வந்ததைச் சொல்வதற்குள் போனைப் பிடுங்கிவிடுகிறாள். போன வாரம் மதினி என்னிடம் ஒன்று கேட்டார். "அங்கேதான் எல்லாவற்றையும் அரசாங்கமே செய்கிறதே, அப்புறம் பெரியவர்கள் எதற்கு அவ்வளவு தூரம் வந்து சிரமப்பட வேண்டும்?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. பதிலை மட்டும் உங்களுக்குத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

அரசாங்கம் செய்வது உண்மைதான். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றே ஒரு தாதி வந்தார். க்ராம்ஸோர்க் என்று பெயர். குழந்தை பிறந்த வீட்டுக்கெல்லாம் ஏறக்குறைய 8 நாட்களுக்கு இப்படி ஒருவர் வருவார். காப்பீடு பெரும்பகுதிச் செலவை ஏற்றுக்கொள்கிறது. குழந்தையின் எடை பார்ப்பது, என் தையலைப் பார்ப்பது, பால் கொடுக்கச் சொல்லித்தருவது, துணி துவைப்பது, பார்க்க வருகிறவர்களுக்குக் காபி போடுவது, எல்லாம் அவர்தான். ரஸ்க்கின் மேல் வெண்ணெய் தடவி, சர்க்கரை பூசிய சோம்பைத் தூவிக் கொடுப்பது இங்கே வழக்கம். பெண் குழந்தை என்றால் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக. பிரசவத்துக்கு வந்திருந்த என் அம்மா ஒரு கடி கடித்துவிட்டு, "பால் ஊறத்தான் கொடுக்கிறார்கள்" என்றாள். தாதியும் அதையேதான் சொன்னார்.

அந்தத் தாதி வருவதற்கு முன்பே, கட்டிலின் நான்கு கால்களுக்கும் கட்டை கொடுத்து உயர்த்திவைக்கச் சொல்லிவிட்டார்கள். குனிந்து நிமிர்ந்து வேலை பார்ப்பவரின் இடுப்பு போய்விடக் கூடாது என்பது இங்கே விதி. அம்மா அந்தக் கட்டைகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னையும் உன்னையும் தூக்கிக் குனிந்தே ஆச்சியின் முதுகு வளைந்தது. அவளுக்கு யார் கட்டை கொடுத்தார்கள்?" என்றாள். நீங்கள் வந்த பிறகு இதை நான் அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

விடுப்புக்கும் குறையில்லை. எனக்குச் சம்பளத்தோடு 16 வாரம். உங்கள் மகனுக்கு முழுச் சம்பளத்தில் ஒரு வாரம், பிறகு 70 சதவீதத்தில் 5 வாரம். அதற்குமேல் குழந்தையின் முதல் வயதுக்குள் எடுக்க இருவருக்கும் தனித்தனியாக இன்னும் 9 வாரம். அதைத்தான் நாங்கள் வாரத்துக்கு ஒரு நாளாகப் பிரித்து எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இவ்வளவு இருந்தும் ஜனவரிக் கடைசியில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அம்மாவின் விசா முடிந்துவிட்டது. 180 நாட்களில் 90 நாட்களுக்குமேல் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. அவள் விமானம் ஏறிய வாரம் நீங்கள் வந்து இறங்கினீர்கள். மாமாவையும் தோட்டத்தையும் விட்டுவிட்டு, அந்தக் குளிரில், பழகாத சப்பாத்தும் கம்பளிச் சட்டையுமாக. நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாளும் நீங்கள்தான் இருந்தீர்கள்.

வீட்டிலிருந்தே வேலை என்றால் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு பார்த்துவிடலாம் என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். பரண் அறையில் கதவை மூடிக்கொண்டு நான் கணினி முன் உட்கார்ந்திருந்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கீழே அவள் சிணுங்கினால் இரண்டு மாடி தாண்டியும் என் காதில் விழும். எதிரே திரையில் ஆறு பேர் என் பதிலுக்குக் காத்திருப்பார்கள். அப்போதுதான் நீங்கள் அந்த மிஸ்டு கால் முறையைக் கண்டுபிடித்தீர்கள். ஒரு மணி அடித்து நின்றால் பசி, வேலைக்கு நடுவே நேரம் பார்த்து இறங்கி வா. இரண்டு முறை அடித்தால் உடனே வந்து பார். அழைப்பே வராவிட்டால் அழுகைச் சத்தம் கேட்டாலும் நான் எழ வேண்டியதில்லை. அது தூக்கத்துக்கான அழுகை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தாய்ப்பால் கொடுக்கும் பெண்ணுக்கு, குழந்தைக்கு 9 மாதமாகும்வரை வேலை நேரத்தில் நான்கில் ஒரு பங்குவரை சம்பளத்தோடு ஒதுக்கித்தர வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது. நீங்கள் கீழே இருந்ததால்தான் அந்தச் சட்டம் எனக்குப் பயன்பட்டது. முதன்முதலாக அவள் குப்புற விழுந்த அன்று இரண்டு மணி அடித்தீர்களே, கூட்டத்தின் நடுவில் எழுந்து ஓடிவந்தேன். அன்று நீங்கள் அழைக்காமல் இருந்திருந்தால் அதை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

குளிப்பாட்டுவதும் அப்படித்தான். தாதி சொல்லித்தந்தது வாளி போன்ற ஒரு தொட்டியில் கழுத்துவரை இறக்கி உட்காரவைப்பது. அதுவும் நல்ல முறைதான், அவள் அமைதியாக மிதப்பாள். ஆனால் நீங்கள் குளியலறையில் மணை போட்டு, காலை நீட்டி, அவளைக் குப்புறப் போட்டு, முழங்கையால் சூடு பார்த்துப் பார்த்து வெந்நீர் ஊற்றுவீர்கள். முதுகில் எண்ணெய் வழுக்கும். கணுக்காலைக் கோத்து நீங்கள் போட்ட அணையைத் தாண்டி அவள் ஒரு விரற்கடைகூட நழுவியதில்லை. குளித்து முடித்ததும் சாம்பிராணி வேண்டாம், புகை எச்சரிக்கைக் கருவி அலறும் என்று சொன்னதும் பெட்டியை மூடிவைத்துவிட்டீர்கள். உரைமருந்தையும் அப்படியே. பால் தவிர வேறெதுவும் கொடுக்க வேண்டாம் என்று குழந்தைநல மையத்தில் சொன்னதை நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "அவர்கள் சொல்கிறபடியே செய்வோம் அம்மா" என்றீர்கள். எத்தனை வீடுகளில் இது பெரிய சண்டையாகிறது என்று என் சிநேகிதிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நீங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு, இப்போது வாரத்தில் மூன்று நாள் குழந்தைகள் காப்பகம். அங்கே நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாள், எவ்வளவு பழக்கூழ் சாப்பிட்டாள் என்று செயலியில் எழுதி அனுப்புகிறார்கள். கட்டணத்தில் ஒரு பகுதியை அரசு திருப்பித் தருகிறது. ஆனால் ஜுரம் என்றால் உடனே வந்து அழைத்துப்போகச் சொல்வார்கள். அப்போது எங்களில் ஒருவர் வேலையை விட்டு எழ வேண்டும். மாலையில் அவளைக் கொண்டுவந்தால், அன்று அவள் செய்த புதுக் குறும்பைச் சொல்லிச் சிரிக்க வீட்டில் இன்னொரு ஆள் இல்லை. மதினிக்கு என் பதில் இதுதான். வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள இங்கே ஆள் கிடைக்கிறது. அவள் தும்மினாலும் எனக்குச் சமமாகப் பதறுகிற ஆள் நீங்களும் அம்மாவும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பாட்டியை நினைவிருக்கிறதா, உங்களுக்கு டுலிப் கிழங்குகள் கொடுத்தாரே? அவருடைய பேரன் ஒவ்வொரு புதன்கிழமையும் அவரிடம்தான் இருப்பான். இங்கே பல வீடுகளில் இப்படி ஒரு பாட்டி நாள் உண்டு. மற்ற நாட்களில் அவர் நீச்சலுக்குப் போகிறார், சைக்கிளில் சந்தைக்குப் போகிறார். பாசத்தில் ஒரு குறையும் இல்லை. நீங்களோ இங்கிருந்த காலம் முழுதும் ஒரு நாள்கூட உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ஊர்ப் படிக்கட்டுகள் ஏணிபோலச் செங்குத்தானவை. முழங்கால் வலியோடு கைப்பிடியைப் பற்றிப் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக நீங்கள் இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப்போகும்.

அதனால் எங்கள் இருவரின் விருப்பம் இது. ஆடி கழிந்து ஆவணியில் வாருங்கள், அதற்குள் விசா விதிப்படி இடைவெளியும் முடிந்துவிடும். இந்த முறை மாமாவும் கூட வர வேண்டும். கீழ்த்தளத்திலேயே உங்கள் இருவருக்கும் கட்டில் போட்டுவிடுகிறோம், படி ஏற வேண்டியதில்லை. காப்பகத்தையும் நிறுத்தப்போவதில்லை. புதன்கிழமை முழுக்க உங்களுடையது. எங்கள் தெருத் தமிழ்க் குடும்பங்களின் அம்மாக்கள் அன்று பூங்காவில் கூடுகிறார்கள், போய்ப் பேசிவிட்டு வரலாம். உங்கள் விசாவுக்கான உத்தரவாதப் படிவத்தில் நகராட்சி அலுவலகத்தில் கையெழுத்திட உங்கள் மகன் அடுத்த வாரமே போகிறார். மாமாவின் பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதியைப் பார்த்துச் சொல்லுங்கள்.

வரும்போது கல்லிடைக்குறிச்சி அப்பளம் இரண்டு கட்டு போதும். உங்கள் பழைய நூல் சேலைகளில் மென்மையானதாக இரண்டு எடுத்துவையுங்கள், அவளுக்குப் போர்த்த வேண்டும். மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உங்கள் மருமகள்