தாய் தகப்பனைச் சொல்லி விற்கக் கூடாதா?

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லியைக் குட்டி எடுத்து விற்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். எனிக்மா என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நிறத்தோடு நரம்புக் கோளாறும் கூடவே பிறக்கும் வகை அது. வாங்கும்போது எனக்குத்தான் தெரியவில்லை.

போன தீபாவளிக்கு முன்பு உங்களில் ஒருவரிடம் 9,000 ரூபாய் கொடுத்து ஒரு குட்டி வாங்கினேன். வெளிறிய உடம்பில் மிளகைத் தூவியது போலப் புள்ளி. “அபூர்வ கலர் சார், பெங்களூரில் டபுள் ரேட்” என்றார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதே என்று கேட்டேன். “பயணக் களைப்பு, ரெண்டு நாளில் சரியாகிவிடும்.”

ஐந்து மாதமாகியும் களைப்பு தீரவில்லை. தீனியான மீல்வார்ம் புழுவைப் பார்த்ததும் ஆசையாகத்தான் பாய்கிறது. வாய் போய் விழுவது ஒரு விரற்கடை தள்ளி. பெட்டியில் விரித்த காகிதத்தைக் கடித்துவிட்டு இடப்பக்கமாகச் சுற்ற ஆரம்பிக்கும். சுற்றி ஓய்ந்த பிறகு கழுத்து மேலே திருகிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி நிற்கும். “பல்லி சாமி கும்பிடுதாப்பா?” என்று கேட்டாள் மகள். ஆமாம் என்றேன். தினமும் ராத்திரி இடுக்கியில் புழுவைப் பிடித்துக்கொண்டு, அதன் வாய் போகும் பக்கமெல்லாம் என் கையும் போகிறது. ஒரு புழு உள்ளே போகப் பத்து நிமிடம். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருடம் இருக்கும் உயிர் இது.

தாய், தகப்பன் இரண்டில் ஒன்று எனிக்மாவாக இருந்தாலே குட்டிகளில் ஏறக்குறைய பாதி எனிக்மாதான். மறைந்திருந்து திடீரென்று வருகிற குணமும் அல்ல, ஜோடி சேர்க்கும்போதே கண்ணுக்குத் தெரிகிறது. 26 டிகிரியில் வைத்தால் பெண், 32-ஐ ஒட்டி வைத்தால் பெரும்பாலும் ஆண் என்று முட்டைக்குச் சூடு பார்த்து வைக்கத் தெரிந்தவர்களுக்கு, அப்பன் யாரென்று மட்டும் மறந்துபோகிறதா?

நான் கேட்பது ஒன்றுதான்: தாய் தகப்பனைச் சொல்லி விற்றுவிடுங்கள்.

லெமன் ஃப்ராஸ்ட் என்கிற இன்னொரு நிறவகையின் கதை இதைவிட மோசம். அந்த மஞ்சள் பளபளப்பும் தோலில் வரும் புற்றுக்கட்டியும் ஒரே மரபணுவின் வேலை என்று 2021-லேயே கலிபோர்னியா ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். அந்த நிறத்தில் பிறந்தவற்றில் 80 சதவீதத்துக்கும் மேல் கட்டி வருகிறது. ஆனால் இங்கே சன்க்ளோ, டேஞ்சரின், பிளிஸார்ட் என்று நிறவகைகளை ஐஸ்கிரீம் கடை விலைப்பட்டியல் மாதிரி வாசித்துக்கொண்டே போய், கூடவே இதையும் ஒரு ருசி போலச் சொல்கிறீர்கள்.

சந்தூரில் ஒட்டு மாங்கன்று வாங்கினால்கூடத் தாய்மரம் எதுவென்று கேட்கிறோம், சொல்கிறார்கள். குந்தாரப்பள்ளி சந்தையில் மாடு விற்பவர் சுழியைக் காட்டாமல் கயிற்றைக் கை மாற்றிவிட முடியுமா? உங்கள் பெட்டிக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்! சரி, கோபத்தில் எழுதிக்கொண்டே போகிறேன், மன்னியுங்கள்.

எல்லோரும் அப்படியில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உங்கள் எல்லோரிடமும் கேட்கிறேன்: எனிக்மாவையும் லெமன் ஃப்ராஸ்டையும் தயவுசெய்து ஜோடி சேர்க்காதீர்கள். ஏற்கெனவே பிறந்த குட்டிகளைத் தாய் தகப்பனைச் சொல்லிக் கொடுங்கள்.

எனக்கு விற்றவரும் இதைப் படிப்பார். பணத்தைத் திருப்பித் தர வேண்டாம் சார். அதே ஜோடியின் இரண்டு முட்டைகள் இப்போது உங்கள் இன்குபேட்டரில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவற்றை வாங்க வருகிறவரிடம் என் பல்லியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வாடிக்கையாளர்