சிவப்பு மாத்திரையும் வெள்ளை மாத்திரையும் ஒண்ணா போட்டா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தங்கச்சிமடத்துல ஒரு மெடிக்கல் ஷாப்ல வேலை பாக்குறேன். போன வாரம் ஒரு அக்கா வந்தாங்க, கடல்பாசி எடுக்கப் போறவங்க, விரல்ல துணி சுத்திக் கட்டின தடம்கூட போகல, கூட ஆறு மாசம் முழுகாம இருக்குற மக. அந்தப் புள்ள ஆஸ்பத்திரில குடுத்த கவரப் பிரிச்சு ஒரு சிவப்பு மாத்திரை ஒரு வெள்ளை மாத்திரை ரெண்டையும் உள்ளங்கையில கொட்டி பக்கத்து கடை டீயோட மடக்குனு முழுங்கிருச்சு, நான் ஏம்மா ஏம்மாங்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. கேட்டா, ரெண்டும் சத்து மாத்திரைதானண்ணே, சேத்துப் போட்டா என்னங்குது.

சிவப்பு இரும்பு, வெள்ளை கால்சியம். ரெண்டும் ஒண்ணா உள்ள போச்சுன்னா கால்சியம் இரும்ப குடல்ல சரியா ஏற விடாது, டீ வேற அதுக்கு மேல. ரத்தம் கம்மின்னு குடுத்த மாத்திரை பாதி வீண். கால்சியத்த சாப்பாட்டோட போடணும், இரும்ப ரெண்டு மணி நேரமாவது தள்ளிப் போடணும், அவ்வளவுதான் விஷயம். ஆனா இத சொல்லிக் குடுக்க அங்க யாருக்கும் நேரமில்ல போல.

ஊரச் சொல்றேன், என் லட்சணம் கேளுங்க. எங்கம்மாவுக்கு காலைல வெறும் வயித்துல கேஸ் மாத்திரை, கையோட கால்சியம் மாத்திரை, ஒரு வருஷம் அப்படித்தான் குடுத்தேன். கடைல நாம விக்கிறது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அது கரையணும்னா வயித்துல ஆசிட் வேணும், அந்த ஆசிட்டத்தான் கேஸ் மாத்திரை கொறைச்சு வச்சிருக்கே! இதுல அவங்களுக்கு கருவாடு இல்லாம சோறு இறங்காது. உப்பு ஒரு டீஸ்பூன் அளவுக்கு, அதாவது சோடியம் 2300 மி.கி. உள்ள போனா சுமார் 40 மி.கி. கால்சியம் யூரின்ல போயிடும். குடல் கஷ்டப்பட்டு உள்ள இழுத்தத கிட்னி வெளிய விட்டுட்டிருக்கு.

உங்க பேப்பர் மேலயும் ஒரு குறை உண்டு. நலப் பக்கத்துல இந்தக் கீரைல இத்தன மி.கி. கால்சியம்னு பட்டியல் போடுறீங்க, இருக்குறது வேற உடம்புல ஒட்டுறது வேறங்க. பால்ல இருக்குற கால்சியத்துல கிட்டத்தட்ட 30 சதவீதம் உடம்புல சேரும், பாலக் கீரைல 5 சதவீதம்தான், அதுல இருக்குற ஆக்சலேட் கால்சியத்த பிடிச்சு வச்சுக்கும். கேழ்வரகுல 100 கிராமுக்கு 340 மி.கி.க்கு மேல இருக்கு, ஆனா கால்சியத்த பிடிச்சு வச்சுக்குற பைட்டேட்டும் இருக்கு, ஊற வச்சு முளை கட்டினாலோ புளிக்க வச்சு கூழ் காய்ச்சினாலோ அது கொறையும், நம்ம பாட்டிங்க சும்மா புளிக்க வைக்கல. நம்ம கரைல நெத்திலிய முள்ளோட மென்னு திங்கிறோமே, அத உங்க பட்டியல்ல ஒரு தடவகூட நான் பாக்கல.

இன்னொரு ஆளு மக்னீசியம். அது ரொம்ப கொறைஞ்சா, ரத்தத்துல கால்சியம் அளவ பாத்துக்குற பாராதைராய்டு ஹார்மோன் சரியா சுரக்காது, அது இல்லாம குடல்ல கால்சியத்த இழுக்க வேண்டிய வைட்டமின் டி-யும் முழுசா வேலைக்கு வராது, அப்புறம் எத்தன கால்சியம் மாத்திரை போட்டாலும் ரத்தத்துல அளவு ஏற மாட்டேங்கும். நம்ம பக்கம் கெணத்துத் தண்ணி உப்புன்னு எல்லாரும் கேன் தண்ணிக்கு மாறியாச்சு, வேற வழியும் இல்ல, ஆனா அந்த ஆர்ஓ மெஷின் உப்போட சேத்து கால்சியம் மக்னீசியம் ரெண்டையும்தான் எடுத்துடுது. ஜிங்க் கால்சியத்த தடுக்குமான்னும் கேக்குறாங்க, சாப்பாட்டுல இருக்குற அளவுக்கு பயப்பட ஒண்ணுமில்ல, பெரிய டோஸ் மாத்திரைய தானா வாங்கிப் போடாதீங்க.

எனக்கு வேண்டியது ரெண்டுதான். நீங்க அந்தப் பட்டியலுக்குக் கீழ எதோட எதச் சேக்கக் கூடாதுன்னு ரெண்டு வரி போடுங்க. மாத்திரை குடுக்குற எடத்துல சிவப்புக்கு ஒரு கவர் வெள்ளைக்கு ஒரு கவர்னு பிரிச்சு, வெள்ளை கவர் மேல ஒரு சோத்துத் தட்டு படம் வரைஞ்சு குடுக்கட்டும். அந்தப் புள்ளைக்கு நான் பேனாவால வரைஞ்சு குடுத்தேன், அண்ணே இது தட்டா நிலாவான்னு கேட்டுச்சு.

இப்படிக்கு,
ஒரு மெடிக்கல் ஷாப் ஊழியர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்