மேடையில் அவர்களுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம். பெங்களூரில் படிக்கும் ஆப்பிரிக்க மாணவர் தலைவர்களுக்காகச் சென்ற மாதம் இங்குள்ள தனியார் கல்லூரி ஒன்றில் இரண்டு நாள் தொழில்நுட்ப மாநாடு நடைபெற்றது. எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் கென்ய இளைஞர் தம் கல்லூரியின் அயல்நாட்டு மாணவர் சங்கச் செயலாளர். "நீங்களும் டெலிபோன் ஆள்தானே அங்கிள், வாருங்கள்" என்று அவர் அழைத்ததால் இரண்டாம் நாள் நானும் போயிருந்தேன். தூரவாணி நகர் ஐ.டி.ஐ. (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) தொழிற்சாலையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதைத் தவிர, அந்த அரங்கில் உட்கார எனக்கு வேறு தகுதி கிடையாது.

காலை முதல் மதியம் வரை மேடையில் பேசிய நால்வரும் நம்மவர்களே. ஆதார், யு.பி.ஐ., தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் என்று நாட்டின் சாதனைகளைத் திரையில் காட்டினார்கள். பெருமைக்குரியவைதான், மறுக்கவில்லை. ஆனால் கைப்பேசி வழியே பணம் அனுப்புவதை ஏதோ ஆப்பிரிக்காவுக்கு நாம் புதிதாகக் கற்றுத்தரப்போகும் வித்தை போல ஒருவர் விளக்கியபோது, எனக்கு முன்வரிசையில் இருந்த இரண்டு மாணவிகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். கென்யாவில் எம்-பேசா என்ற கைப்பேசிப் பணச் சேவை தொடங்கியது 2007 மார்ச்சில், நம் யு.பி.ஐ. வந்தது 2016-ல். ('பேசா' என்ற சுவாஹிலிச் சொல்லே கடல் கடந்து போன நம் பைசாதான் என்பார்கள்.)

சாப்பாட்டு இடைவேளையில் எங்கள் வீட்டு மாணவர் பையிலிருந்து ஒரு பழைய பட்டன் போனை எடுத்து, ஊர் சிம்முக்குள்ளேயே பதிந்திருக்கும் மெனுவை எனக்கு ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். பெறுபவரின் எண், தொகை, ரகசிய எண், அவ்வளவே. இணையமும் வேண்டாம், வங்கிக் கணக்கும் வேண்டாம். அவருடைய தாயார் தெருமுனை ஏஜென்ட் கடையில் ரொக்கத்தைக் கொடுத்தால், கடைக்காரர் தம் இருப்பிலிருந்து அதே தொகையை அந்த அம்மாளின் கணக்குக்கு மாற்றிவிடுவார். இருவர் போனுக்கும் குறுஞ்செய்தி வந்துவிடும். எண் தேய்ந்துபோன அந்தப் பொத்தான்களை அழுத்திப் பார்த்தபோது, அன்று காலை முழுவதும் கேட்ட உரைகளை விட அதிகம் விளங்கியது.

மதிய அமர்வில் ஒரு மாணவி எழுந்து, இணையம் எட்டாத கிராமத்தில் பட்டன் போன் மட்டும் வைத்திருப்பவர் யு.பி.ஐ.யில் எப்படிப் பணம் அனுப்புவார் என்று கேட்டார். இனி எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் வந்துவிடும் என்பதே பதிலாக வந்தது. பட்டன் போனுக்கென்று ஸ்டார் 99 ஹாஷ் (*99#) என்று அழுத்திப் பணம் அனுப்பும் சேவை நம்மிடம் பல ஆண்டுகளாக இருக்கிறது. 2022-ல் ரிசர்வ் வங்கி யு.பி.ஐ. 123பே என்ற வசதியையும் தொடங்கி வைத்தது. நம்முடைய பொருளை நாமே சொல்லாமல் விட்டதுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. ருவாண்டாவில் 2016 முதல் மருத்துவமனைகளுக்கு ட்ரோனில் ரத்தம் போவதைப் பற்றிச் சொல்ல ஒரு மாணவருக்குக் கடைசியில் ஐந்து நிமிடம் கொடுத்து, மூன்றாவது நிமிடத்திலேயே மணியும் அடித்தார்கள்.

நம் இராமேசுவரத்துக்காரர் அப்துல் கலாம் 2004-ல் குடியரசுத் தலைவராக இருந்தபோது ஜோகன்னஸ்பர்க்கில் முன்மொழிந்த 'பான்-ஆப்பிரிக்க இ-நெட்வொர்க்' என்ற தகவல்தொடர்பு வலையமைப்பு 2009-ல் தொடங்கி, செயற்கைக்கோள் வழியே நம் ஆசிரியர்களையும் மருத்துவர்களையும் ஆப்பிரிக்க நாடுகளோடு இணைத்தது. சென்னை ஐ.ஐ.டி. 2023-ல் தான்சானியாவின் சான்சிபாரில் வளாகமே திறந்துவிட்டது. இந்த இரண்டும் மேடையில் யார் வாயிலும் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாநாட்டில் யு.பி.ஐ. பாடம் கேட்ட எங்கள் மாணவருக்கு இங்கே ஒரு வங்கிக் கணக்கு தொடங்க மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை டீக்கடையில் சில்லறைக்காக நின்றுகொண்டிருந்தார். கம்மனஹள்ளியில் எங்கள் தெருவிலுள்ள தமிழ் வீட்டுக்காரர்களிலேயே சிலர், "போலீஸ் தொல்லை" என்று சொல்லி ஆப்பிரிக்கர்களுக்கு வீடு தர மறுக்கிறார்கள். அயல்நாட்டவர் குடிவந்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் இணையத்தில் அவரைப் பற்றிய படிவம் நிரப்ப வேண்டும் என்பது உண்மைதான். ஒருமுறை பதிவு செய்துகொண்டால், அதன்பின் அது காப்பி ஆறுவதற்குள் முடிகிற வேலை.

அடுத்த மாநாட்டில் முதல் நாளை முழுதாக மாணவர்களிடமே விட்டுவிட்டு, நம்மவர்கள் கீழே உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதே அமைப்பாளர்களுக்கு என் வேண்டுகோள். அல்சூர் ஏரிக்கரையிலுள்ள நம் தமிழ்ச் சங்கமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இவர்களை அழைத்துப் பேசச் சொல்லலாம். தங்கள் நாளிதழ் அதற்கு ஒரு நிருபரை அனுப்பினால் நன்றாயிருக்கும். மாநாடு முடிந்ததும் எல்லோருக்கும் கருத்துப் படிவம் கொடுத்தார்கள். இதையெல்லாம் அதிலேயே எழுதியிருப்பேன். மூன்று வரிக்குத்தான் இடமிருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசித் தொழிற்சாலை ஊழியர்,
கம்மனஹள்ளி, பெங்களூரு.