குவாதலூப்புக்குப் பாடம் நடத்தக் கிளம்பும் முன்

தமிழ்ப் பண்பாட்டு அமைப்புகளின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

கரீபியனில் பிரான்சின் பகுதியாக இருக்கும் குவாதலூப் தீவைப் பற்றி நம் மேடைகளில் பேச்சு வந்தாலே, "பாவம், தமிழை மறந்துவிட்டார்கள்" என்று ஒரு பரிதாபம். கூடவே, "இன்னும் கிடா வெட்டுகிறார்கள், முறையான வழிபாடு தெரியவில்லை" என்று ஒரு குறை. இரண்டையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

1848இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1854 டிசம்பர் 24 அன்று, ஒரேலி என்ற கப்பல் இந்தியாவிலிருந்து போன முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை அங்கே இறக்கியது. 1889 வரை நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். கல்கத்தாவில் ஏறியவர்களும் உண்டு என்றாலும், பெரும்பகுதி நம் காரைக்கால், புதுச்சேரி வழியாகப் போன தெற்கத்தி மக்கள். அந்த மண்ணிலேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளுக்குக்கூட ஓட்டுரிமை கிடையாது. அவர்களில் ஒருவரான ஆன்றி சிதம்பரம் 1904இல் தொடங்கிய சட்டப் போராட்டம் 1923இல்தான் வென்றது. பள்ளியில் பிரெஞ்சு, தெருவில் பிரெஞ்சிலிருந்து கிளைத்த உள்ளூர்ப் பேச்சுமொழியான கிரியோல், பிள்ளைக்கு ஞானஸ்நானம். இதற்கு நடுவில் பேச்சுத்தமிழ் நிலைக்கவில்லை என்று அவர்களிடம் கணக்குக் கேட்பது என்ன நியாயம்?

போனது போகட்டும், இருப்பதைப் பாருங்கள். மாரியம்மனை மாலியேமேன் என்று கும்பிடுகிறார்கள். மதுரை வீரன் இருக்கிறார். காரைக்காலுக்குப் பக்கத்திலுள்ள நாகூர் ஆண்டவருக்கும் அதே வழிபாட்டில் கொடி ஏற்றுகிறார்கள். தப்பு அடிக்கிறார்கள். பொருள் புரியாத தமிழ்ப் பாடல்களைப் பிரெஞ்சு எழுத்தில் நோட்டுகளில் எழுதிவைத்து, தலைமுறை தலைமுறையாகப் பாடிவருகிறார்கள். கிடா வெட்டு நம் கிராமத்துக் காவல் தெய்வங்களுக்கு இன்றும் நடப்பதுதானே? அங்கே மட்டும் அது எப்படிக் குறையாகும்? நாகூர் ஆண்டவரை அந்தக் கோயில்களிலிருந்து பிரித்தெடுக்க யாராவது நினைத்தால், அதைவிடப் பெரிய இழப்பு அந்த மக்களுக்கு வேறில்லை.

சரி, உதவ நினைக்கிறீர்கள் என்றால் செய்வதற்கு வேலை இருக்கிறது. முதலில், வயதான பூசாரிகள் இருக்கும்போதே அந்தப் பாடல்களைப் பதிவு செய்யுங்கள். தஞ்சை, காரைக்கால் பக்கத்துக் கூத்துக் கலைஞர்களையும் பூசாரிகளையும் அழைத்துப்போய்க் கேட்கச் சொல்லுங்கள். எந்த வரி எந்தப் பாட்டிலிருந்து வந்தது என்று அவர்களுக்குத்தான் சட்டென்று பிடிபடும்.

அப்புறம், தமிழ் கற்றுக்கொடுக்க ஆங்கிலப் புத்தகங்களைக் கொண்டுபோகாதீர்கள். பிரெஞ்சும் முடிந்தால் கிரியோலும் தெரிந்த ஆசிரியர்கள் வேண்டும். புதுச்சேரியில் அப்படிப்பட்டவர்களைத் தேடுங்கள். 1963 முதல் 1981 வரை பிரெஞ்சு அரசே ஒரு நிறுவனம் வைத்து, தீவுகளின் இளைஞர்களை வேலைக்காக பிரான்சுக்கு அனுப்பியது. இன்றும் படிப்புக்கும் வேலைக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் பாரிஸிலும் ஒரு வகுப்பு வேண்டும். அங்கே லா ஷப்பேல் பகுதியில் ஈழத்தமிழர்கள் ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறார்கள். அவர்களோடு பேசி, அடுத்த கல்வியாண்டிலேயே அதைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
காரைக்காலிலிருந்து ஒரு வாசகர்