அனுமதிக் கடிதத்துக்குப் பிறகு யார் பார்க்கிறார்கள்?

கொழும்பில் இயங்கும் நெறிமுறை மீளாய்வுக் குழுக்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். மருத்துவ ஆய்வு ஒன்றுக்கு அனுமதி கொடுக்குமுன் நீங்கள் கேட்கும் கேள்விகளில் குறையில்லை. சம்மதப் படிவம் மூன்று மொழியிலும் இருக்கிறதா, எத்தனை மில்லிலீற்றர் இரத்தம் எடுப்பார்கள், படிவங்களை எந்த அலுமாரியில் பூட்டுவார்கள் என்று வரிவரியாகப் பார்க்கிறீர்கள். முடிவில் ஒரு சிறு அறிக்கை வந்ததும் கோப்பு மூடப்படுகிறது. மோசடி நடப்பது இந்த இரண்டுக்கும் நடுவில். தரவு சரிபார்க்கும் வேலையில் இருக்கும் நாங்கள் கேட்பது, மூலத் தரவை வாங்கிப் பாருங்கள் என்பதைத்தான்.

அதற்குப் பெரிய மென்பொருள் வேண்டாம், கல்குலேட்டர் போதும். 28 பேரிடம் 1 முதல் 5 வரை புள்ளி போடச் சொன்ன ஒரு கேள்விக்குச் சராசரி 3.45 என்று அட்டவணை சொல்கிறது என்று வையுங்கள். எல்லோரும் முழு எண்தான் போட்டிருப்பார்கள். மொத்தம் 96 என்றால் சராசரி 3.43; 97 என்றால் 3.46. 3.45 வர வழியே இல்லை. ஒருவரைக் கூட்டி 29 பேர், மொத்தம் 100 என்றால் சரியாக வருகிறது. அப்படியானால் 29ஆவது ஆள் ஒருவர் இருந்தாரா, அவரை ஏன் கழற்றிவிட்டார்கள்? (பங்குபற்றியவர்கள் 100ஐத் தாண்டினால் இரண்டு தசமதானத்தில் இந்தக் கணக்கு உதவாது.)

பிரஷர் அளவுகளையும் பாருங்கள். கையால் அமுக்கும் கருவியின் கோடுகள் 2 மி.மீ. இடைவெளியில் இருப்பதால் வாசிப்பு இரட்டை எண்ணில் முடியும். களைத்துப்போன தாதி 120, 130 என்று பூச்சியத்திலேயே நிறுத்துவார். அந்தக் கருவியைத்தான் பாவித்தோம் என்று எழுதிவிட்டு 127, 133, 141 என்று பட்டியல் நீண்டால், கூப்பிட்டு விசாரியுங்கள்.

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானிய மயக்கமருந்து நிபுணர் யோஷிதக்கா ஃபுஜியின் கதை போதும். அவருடைய ஆய்வுகளில் தலைவலி வந்தவர்களின் எண்ணிக்கை குழுவுக்குக் குழு ஒரேமாதிரி இருப்பதை 2000ஆம் ஆண்டிலேயே ஒரு மருத்துவ இதழுக்கு எழுதிய கடிதத்தில் சுட்டிக்காட்டினார்கள். எண்கள் இயற்கையாக இல்லை என்று பிரித்தானிய மயக்கமருந்து நிபுணர் ஜோன் கார்லைல் கணக்குப் போட்டுக் காட்டியது 2012இல். பிறகு 150க்கும் மேற்பட்ட கட்டுரைகள் மீளப்பெறப்பட்டன. இடையில் பன்னிரண்டு வருடங்கள்!

பொய் எண் எழுதாமலும் ஏமாற்றலாம், அதுதான் கூடுதலாக நடக்கிறது என்பது எங்கள் எண்ணம். ஒன்றையொன்று சாராத இருபது விளைவுகளை அளந்தால், மருந்து வெறும் தண்ணீராக இருந்தாலும் ஏதாவது ஒன்றில் p மதிப்பு (மருந்துக்குப் பலனே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் நிகழ்தகவு) 0.05க்குக் கீழ் வர 64 சதவீத வாய்ப்புண்டு. அந்த ஒன்றை மட்டும் எழுதினால் கட்டுரை தயார். இதைப் பிடிக்கத்தான் 2006 முதல் இலங்கை மருத்துவச் சங்கத்தின் கீழ் மருத்துவச் சோதனைப் பதிவேடு இருக்கிறது. அங்கே பதிந்த முதன்மை விளைவையும் (ஆய்வு முக்கியமாக அளக்கப்போவதாகச் சொன்னதையும்) கட்டுரையில் உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பத்து நிமிட வேலை. திகதியும் முக்கியம்: முதல் நோயாளி சேர்ந்த பிறகு பதிந்தது பதிவே அல்ல.

இன்னொன்று நம்மவர்களைப் பற்றியது. சம்மதப் படிவம் தமிழில் இருக்கும், வினாக்கொத்து இருக்காது. கொட்டாஞ்சேனையிலிருந்து கிளினிக்குக்கு வரும் அம்மாவிடம் ஒரு தரவு சேகரிப்பாளர் "கவலையா இருக்கிறீங்களா?" என்பார், மற்றவர் "மனம் சோர்ந்து போகுதா?" என்பார். இரண்டும் வேறு கேள்வி, வேறு பதில். இல்லாவிட்டால் தமிழ் பேசுகிறவர்களைச் சேர்க்காமலே விட்டுவிட்டு, தலைப்பில் "கொழும்பு நோயாளர்" என்று போடுவார்கள். இதை மோசடி என்று சொல்லமாட்டோம். ஆனால் முடிவு கோணலாகிவிடும். மொழிபெயர்த்த வினாக்கொத்தை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திருப்பி மொழிபெயர்த்த பிரதியோடு கேட்டு வாங்குங்கள்.

கடைசியில் நோயாளர் தரவு எழுதிய பத்துப் படிவங்களை வரவழைத்து எக்செல் கோப்போடு ஒப்பிடுங்கள். எந்தப் பத்து என்று நீங்களே குலுக்கி எடுங்கள். ஆய்வாளர் தெரிவு செய்தால் பயனில்லை. பிழை வரும், பயப்பட வேண்டாம். கைதவறிய பிழை இரண்டு பக்கமும் சாயும். எல்லாப் பிழையும் மருந்துக்குச் சாதகமாகவே விழுந்திருந்தால் மிச்சப் படிவங்களையும் அன்றைக்கே கேளுங்கள். ஒரு வாரம் தவணை கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஆய்வுத் தரவு சரிபார்ப்போர் சிலர்,
கொழும்பு