‘நீழலே’ என்பதே சரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார இணைப்பில் அப்பர் தேவாரம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். சுண்ணாம்புக் காளவாயில் அடைக்கப்பட்ட நிலையில் நாவுக்கரசர் பாடியதாகப் பெரியபுராணம் கூறும் வரலாற்றை நன்கு விளக்கிய கட்டுரையாளர், பாட்டின் ஓசையை ‘எதுகை இனிமை சேர்க்கிறது’ என்பதோடு முடித்துவிட்டார். போதாக்குறைக்கு, ஈற்றடி ‘இணையடி நிழலே’ என்று அச்சாகியிருந்தது. பாடல் இதுதான்:

மாசில் வீணையும் மாலை மதியமும்
வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்
மூசு வண்டறை பொய்கையும் போன்றதே
ஈசன் எந்தை இணையடி நீழலே

ஒற்றை, அதாவது புள்ளி வைத்த மெய்யெழுத்தை, நீக்கி எண்ணினால் ஒவ்வோர் அடியிலும் 11 எழுத்துகள் இருக்கும். நடு இரண்டடிகளில் இவை சீர்தோறும் 2, 3, 3, 3 என்று அமைய, முதலடியில் ‘மாலை’ இரண்டெழுத்தாய்ச் சுருங்கியதை ‘மதியமும்’ நான்காய் நீண்டு ஈடுசெய்கிறது. ஈற்றடியில் ‘எந்தை’ சுருங்க, ‘இணையடி’ நீள்கிறது. ‘நிழலே’ என்று மாற்றினாலும் எழுத்துக் கணக்கு பிசகாது என்பதால்தான் இந்தப் பிழை எளிதில் கண்ணில் படுவதில்லை. ஆனால் மற்ற மூன்றடிகளும் விளச்சீரில் (இரண்டெழுத்து இணைந்த நிரையசையில் முடியும் சீரில்) முடிய, இந்த அடி மட்டும் புளிமாவில் (ஓரெழுத்து நேரசையில் முடியும் சீரில்) முடிந்து போகும். வாய்விட்டுப் பாடிப் பார்த்தால் தெரியும்: ‘இணையடி’ என்று விரைந்து ஓடிவரும் குரல் ஊன்றி நிற்க ‘நீ’ என்னும் நெடில் அங்கே வேண்டியிருக்கிறது.

எதுகையும் வெறும் இனிமைக்காக வந்ததன்று. வீணையும், மதியமும், தென்றலும், வேனிலும், பொய்கையும் என ஐந்து உம்மைகளை அடுக்கி, ‘போன்றதே’ என்று பயனிலையையும் முன்னதாகவே சொல்லிவிட்டு, எது போன்றது என்பதைக் கடைசி அடிவரை நிறுத்தி வைக்கிறார் அப்பர். மாசில், வீசு, மூசு என்று மூன்று முறை கேட்டுப் பழகிய செவிக்கு, நான்காவதாக ‘ஈசன்’ என்பது வந்தே தீரவேண்டிய சொல்லாகிவிடுகிறது. ‘போன்றதே’, ‘நீழலே’ என்ற ஏகார முடிவுகள் எழுவாயையும் பயனிலையையும் ஓசையாலேயே பிணைக்கின்றன. முதற்சீருக்கும் மூன்றாம் சீருக்கும் இடையிலான மோனை மற்ற அடிகளில் இருக்க, மூன்றாம் அடியில் மட்டும் இல்லை. இதை நான் குறையாகக் கருதவில்லை, உவமை அடுக்கு முடிந்து வாக்கியம் திரும்பும் இடம் அதுதான்.

இன்னொன்று: ‘வீங்கு இள வேனிலும்’ என்று பதம் பிரித்து அச்சிட்டால் அந்த அடி 12 எழுத்தாகிவிடும். பொருள் விளங்கப் பிரித்துக் காட்டுவது தேவையென்றால் அதைக் கீழே தனியாகத் தரலாம். மாணவர்கள் வெட்டி ஒட்டி வைத்து மனப்பாடம் செய்யும் பகுதி அது என்பதால், அடுத்த இதழிலேயே பாடலை முழுமையாகத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கும்பகோணம்.