பிசிறு வெட்டும் அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

நஞ்சராயன் குளத்தில் நைலான் வலையில் பறவைகள் சிக்கிக்கொண்டது திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும். திரும்பச் சொல்ல மனசில்லை. பிழைத்தவை பறந்துவிட்டன. இப்போதைக்கு அது போதும்ங்க.

முதல் நன்றி ஓர் அக்காவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பனியன் கம்பெனியில், தைத்த துணியில் நீட்டி நிற்கும் நூல் பிசிறு வெட்டுபவர். ஷிப்டுக்குப் போகிற வழியில், கரையில் கூட்டத்தைப் பார்த்து இறங்கி வந்தார். என் கையில் ஓர் உள்ளான் பறவை. 60 கிராம் இருந்தால் அதிகம். சைபீரியப் பக்கமெல்லாம் குஞ்சு பொரித்துவிட்டு, ஐப்பசி மழைக்கு நம் குளத்துச் சேற்றைத் தேடி வருகிற சாதி. நைலான் இழை சிறகு மடிப்பில் இறங்கிச் சதையோடு ஒட்டியிருந்தது. நான் வைத்திருந்ததோ காய்கறிக் கத்தி.

"இழுக்காத கண்ணு. இழுத்தா துணியே கிழிஞ்சு போகும், இது உசுரு."

டிபன் பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்தார். இழையை நகத்தால் நெம்பி, நுனியை அடியில் விட்டு, ஒவ்வொன்றாக வெட்டினார். ஒரு இறகுகூட உதிரவில்லை. அப்புறம் அடுத்தது, அதற்கடுத்தது. கம்பெனியிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அன்றைய பாதிச் சம்பளம் போனதை வேறொருவர் சொல்லித்தான் தெரியும். கொடுக்கப் போனால் திட்டு விழுந்தது.

கோடியக்கரையில் பறவைக்கு அடையாள வளையம் போடுவதைப் பார்த்த நண்பர் போனிலேயே சொல்லிக் கொடுத்தார்: கழுத்து இரு விரலுக்கு நடுவில், சிறகு உள்ளங்கைக்குள், நெஞ்சை அழுத்தினால் மூச்சு நின்றுவிடும். அட்டைப் பெட்டியும் மூடிவைக்கப் பனியன் வேஸ்ட்டும் தந்தவர்கள், கால்நடை மருத்துவர், வனத்துறைத் தம்பிகள், காசு வாங்காத டீக்கடை அண்ணன், எல்லோருக்கும் நன்றி.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2024இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இந்தக் குளம் சேர்ந்தபோது போட்டோ எடுக்க வந்த கூட்டத்தில் கால்வாசி, வலைத் துண்டு பொறுக்க வந்தால்கூடப் போதும். இன்னும் கிடக்கிறது. வருகிறவர்கள் கத்தரியோடு வாருங்கள்.

ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு. "கம்பெனி லீவுதான், நானும் வரட்டுங்களா?" என்று அக்கா கேட்டிருக்கிறார். பைனாகுலர் அவருக்கு. நான் நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.